பினாங்கு ஜார்ஜ் டவுன்: பழைய கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பவை

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியவர். அதனால் இன்றைக்கும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஊரிலிருந்து யாராவது வருவார்கள்: அத்தை பையன், சித்தப்பாவின் சம்பந்தி, அவர்களுக்குத் தெரிந்த நாலு பேர். வருவதற்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் கேள்விகள் ஆரம்பிக்கும். பத்து வருஷமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

பினாங்கும் ஜார்ஜ் டவுனும் ஒன்றா?

இல்லை. பினாங்கு மாநிலத்தின் பெயர். தீவும் அதற்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் செபராங் பிறையும் சேர்ந்தது அது. தீவின் வடகிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நகரம்தான் ஜார்ஜ் டவுன். மலாய்மொழியில் பினாங் என்றால் பாக்கு. ஆக, இது பாக்குத் தீவு. 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் என்கிற ஆங்கில வணிகர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவை எடுத்துக்கொண்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை நகருக்கு வைத்தார். சென்னையிலும் ஒரு ஜார்ஜ் டவுன் இருக்கிறது. அது கருப்பர் நகரமாக இருந்து 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் பெயரைப் பெற்றது. பேர் ராசியில் எங்களுடையது மூத்தது.

பெரிய அரண்மனை இல்லை, தஞ்சாவூர் மாதிரி கோவில் இல்லை. இதற்கு எப்படி யுனெஸ்கோ பட்டம்?

இதைக் கேட்காத மாமாவே கிடையாது. 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். மையப் பகுதி 109 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல், சுற்றியிருக்கும் காப்புப் பகுதி 150 ஹெக்டேர். அந்த மையப் பகுதியில் மட்டும் 1,700க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள். அவற்றில் பெரும்பாலானவை கடைகள். கீழே வியாபாரம், மேலே குடும்பம். ராஜா கட்டியவை அல்ல. அரிசி, மிளகு, துணி, வட்டி என்று பிழைத்தவர்கள் கட்டியவை. பட்டம் ஏதோ ஒரு கட்டடத்துக்கு அல்ல, தெருக்களுக்கு.

பழைய பெயரில் பிட் தெரு, இன்றைய பெயரில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. அதில் ஒருமுறை நடந்தால் புரிந்துவிடும். ஒரு முனையில் ஆங்கிலிகன் தேவாலயம், அதைத் தாண்டினால் சீனர்களின் குவான் யின் கோவில், அடுத்த தெருவில் மகாமாரியம்மன், அப்புறம் பள்ளிவாசல். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். எதுவும் காட்சிக்கு வைத்தது கிடையாது. ஊதுவத்திப் புகையும் பாங்கோசையும் நாதஸ்வரமும் இன்றைக்கும் அங்கே அன்றாடம்.

இவ்வளவும் இடிபடாமல் தப்பியதற்கு ஒரு காரணம், யாருமே பாரம்பரியத்தை நினைத்துப் போடாத ஒரு சட்டம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையை வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. வாடகை வராத கட்டடத்தை யார் இடித்துக் கட்டுவார்? ஓடு ஒழுகினாலும் அப்படியே நின்றது. சட்டம் நீங்கி 2000 ஜனவரியில் வாடகை எகிறியபோது, தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவர்கள் போனார்கள். எட்டு வருஷம் கழித்துப் பட்டம் வந்தது. இன்று நீங்கள் காபி குடிக்கப் போகும் அழகான கடைவீட்டில், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு தையற்காரரோ பிரம்பு பின்னுகிறவரோ குடும்பத்தோடு இருந்திருக்கலாம். குற்ற உணர்ச்சியோடு குடியுங்கள் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு குடியுங்கள்.

கடற்கரைத் தெரு என்கிறார்களே, அங்கே கடலைக் காணோமே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. லெபோ பந்தாய், ஆங்கிலத்தில் பீச் தெரு. இரண்டு பக்கமும் வங்கிகளின் தூண் வைத்த பெரிய கட்டடங்கள், கடல் கண்ணில் படாது. ஆனால் பெயர் பொய் அல்ல. ஒரு காலத்தில் அலை அந்தத் தெருவின் பின்கட்டு வரை வந்தது. கடைகளின் முன்வாசல் தெருவில், பின்வாசல் தண்ணீரில். சரக்கு படகிலிருந்து நேரே கிட்டங்கிக்குள் ஏறும். 1880களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து வெல்டு கீ என்கிற புதுக் கரையைப் போட்டார்கள். கடல் இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டது.

இதற்குச் சாட்சி தெருப் பலகைகளிலேயே இருக்கிறது. ஆர்மீனியன் தெரு பீச் தெருவைத் தாண்டியதும் அதன் பெயர் ‘காட் லெபோ ஆர்மீனியன்’ ஆகிவிடும். சூலியா தெருவும் அப்படித்தான், ‘காட் லெபோ சூலியா’. காட் என்பது காசியில் சொல்கிறோமே, அதே காட், படித்துறை. தெருவின் கடைசியில் படகுத்துறை இருந்த இடங்கள் அவை. ஆகவே பலகையில் ‘காட்’ பார்த்தால், கால் வைத்திருப்பது பழைய கடலில் என்று எடுத்துக்கொள்ளலாம். வரைபடமே வேண்டாம், தெருப்பெயரை வைத்தே பழைய கரையை வரைந்துவிடலாம்.

எந்த நேரத்தில் நடப்பது நல்லது?

காலை ஏழு முதல் பத்து, மாலை நாலரை முதல் இருட்டும் வரை. நடுப்பகலில் வீடுகளுக்குள் புகுந்துகொள்ளுங்கள். சென்னை வெயில் பார்த்தவர்கள் என்று வீறாப்பாகப் பதினொன்றரைக்குக் கிளம்பிய என் பெரியத்தை, படகுத்துறையின் பலகைப் பாலத்தில் உட்கார்ந்து, “என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்கப்பா” என்றார்கள். வெயிலைவிட இங்கே புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிற்பகலில் கொட்டும்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போகலாமா? வெறும் சுவர்தான் என்கிறார்களே?

வெறும் சுவர்தான். ஆனாலும் போகலாம், ஒரு மணி நேரம் போதும். லைட் முதலில் நட்டது நிபோங் பனைமரக் கழிகளால் ஆன வேலி. நட்சத்திர வடிவில் இன்று நிற்கும் சுவரை 1800களின் முதல் பத்தாண்டில் எழுப்பினார்கள். எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். இத்தனை செலவில் கட்டிய கோட்டை ஒரு போரைக்கூடப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த அகழியை 1920களில் மலேரியாவுக்குப் பயந்து மண் போட்டு மூடினார்கள். லைட்டே 1794இல் மலேரியாவில் செத்தவர்தான்.

உள்ளே ஸ்ரீ ராம்பை என்கிற வெண்கலப் பீரங்கி இருக்கிறது. 1603 என்று ஆண்டு பொறித்த டச்சு வார்ப்பு. அதன் வாயில் பூ வைத்தால் பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பிரான்சிஸ் லைட்டின் சிலையும் அங்கேதான். அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காததால், மகன் வில்லியம் லைட்டின் முகச்சாயலை வைத்து 1936இல் செய்தார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கரையில் இன்னொரு கதை இருக்கிறது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றி இந்தத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, சிறுவன், அவர்களில் ஒருவர். சிவகங்கை அரசராக இருந்த வேங்கை பெரிய உடையணத் தேவரும் ஒருவர். கோட்டைச் சுவரில் ஏறிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இதைச் சொல்வேன். அதுவரை செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் போனைக் கீழே இறக்குவார்கள்.

கோட்டையைச் சுற்றி வேறு என்ன இருக்கிறது?

வெளியே ரவுண்டானாவில் விக்டோரியா மணிக்கூண்டு. ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக 1897இல் சியா சென் இயோக் என்கிற சீனச் செல்வந்தர் கட்டத் தொடங்கியது. வருஷத்துக்கு ஓர் அடி வீதம் அறுபதடி உயரம். கட்டி முடித்தது 1902இல், ராணி அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் குண்டு விழுந்ததில் கூண்டு லேசாகச் சாய்ந்திருக்கிறது. சற்று நின்று பார்த்தால் தெரியும்.

மைதானத்தின் மறுபக்கம் வெள்ளை வெளேரென்ற நகர மண்டபம், 1903. மாலையில் கடலோரச் சுவரில் உட்கார அருமையான இடம்.

கடைவீடுகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? எதைப் பார்ப்பது?

முதலில் கீழே பாருங்கள். ஒவ்வொரு கடைக்கும் முன்னால் கூரை போட்ட நடைபாதை, மாடி அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். மலாயில் காக்கி லீமா, நாங்கள் அஞ்சடி என்போம், ஐந்தடி அகலம் என்பதால். வெயில், மழை இரண்டுக்கும் குடை. நம் ஊர்த் திண்ணைக்குத் தூரத்துச் சொந்தம். திண்ணையில் உட்காரலாம், இதில் நடக்கலாம். ஆனால் பாதிக் கடைக்காரர்கள் இதைத் திண்ணையாகவே நினைத்துச் சாமானை அடுக்கிவைத்திருப்பார்கள்.

பிறகு உள்ளே. முகப்பு குறுகல், நீளமோ போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. அப்படியானால் வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும்? நடுவில் வானம் பார்த்த முற்றம். செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மழை நேரே உள்ளே விழும், சூடான காற்று அதன் வழியாக மேலே போகும், கீழே குளிர்ச்சி தங்கும். குளிர்சாதனப் பெட்டி போடுவதற்காக முற்றத்தை மூடிய கடைகளில் நுழைந்து பாருங்கள், மூச்சு முட்டும்.

அப்புறம் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இங்கே நிலத்தடி ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அழகாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, இரண்டு மூன்று வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாக உரிந்து விழும். எது ஒழுங்காகப் பழுது பார்த்த வீடு, எது மேக்கப் போட்ட வீடு என்று கண்டுபிடிக்க, சுவரின் அடியிலிருந்து மூன்றடி உயரத்தைப் பாருங்கள். அங்கே உப்புப் பூத்து உரிந்திருந்தால் மேக்கப்.

கடைசியாக அண்ணாந்து பார்க்கவும். ஆக முந்தைய வீடுகள் குட்டையாக, அலங்காரமே இல்லாமல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காசு சேரச் சேர, பூவேலை, வண்ண ஓடு, கிரேக்கத் தூண் எல்லாம் ஏறும். 1930களுக்கு வந்தால் நேர்கோடும் வளைந்த மூலையுமாக ஆர்ட் டெக்கோ. ஒரே வரிசையில் நூறு வருஷத்தை இடமிருந்து வலமாகப் படிக்கலாம்.

ஒரே ஒரு மாளிகைக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

நீல மாளிகை. சியோங் ஃபாட் சே என்கிற ஹக்கா சீன வணிகர் 1890களில் கட்டியது. 38 அறை, 5 முற்றம், 7 படிக்கட்டு, 220 ஜன்னல். அந்த நீலம் சுண்ணாம்பில் அவுரிச் சாயம் கலந்து அடித்தது. கூரை விளிம்பில் இருக்கும் பொம்மைகளையும் பூக்களையும் நெருங்கிப் பாருங்கள். வண்ணப் பீங்கான் கிண்ணங்களை வெட்டி, சில்லுச் சில்லாகப் பதித்துச் செய்த வேலை அது. மாளிகை பாழடைந்து கிடந்ததை 1990 வாக்கில் சில பாரம்பரிய ஆர்வலர்கள் சேர்ந்து வாங்கிச் சீராக்கினார்கள். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாதுகாப்பு விருது கிடைத்தது. வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் நேரத்துக்குப் போவது நல்லது, கதை கேட்காமல் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும்.

சர்ச் தெருவில் இருக்கும் பச்சை நிறப் பெரானாக்கான் (மலாய் வழக்கங்களைத் தழுவிய உள்ளூர்ச் சீனர்) மாளிகையைத்தான் பெண்கள் அதிகம் விரும்புகிறார்கள், நகையும் பீங்கானும் நிறைய. அதில் இங்கிலாந்துத் தரை ஓடு, ஸ்காட்லாந்து இரும்புத் தூண், சீன மரச்செதுக்கு மூன்றும் ஒரே கூடத்தில் நிற்கும். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கலந்த காரைக்குடி வீடுகள் ஞாபகம் வராமல் போகாது. கட்டிய சுங் கெங் குவீ ஈயச் சுரங்கத்தில் சம்பாதித்தவர்.

கொங்சி என்றால் என்ன? அதுவும் கோவிலா?

பாதிக் கோவில், பாதிச் சங்கம். ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் சேர்ந்து, முன்னோரைக் கும்பிடவும் புதிதாக வந்தவருக்கு வேலை, தங்குமிடம் பார்த்துக் கொடுக்கவும் வைத்த அமைப்பு. நகரத்தார் விடுதி, நாடார் மகமை மாதிரி என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இங்கே எல்லாவற்றிலும் ஆடம்பரம் கூ கொங்சி. முந்தைய கட்டடம் 1901இல் எரிந்துபோனது. பேரரசர் அரண்மனையைப் போலவே கட்டியதால் தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் அடக்கி 1906இல் மறுபடி கட்டினார்கள். அடக்கியதே இப்படி! வாசலில் சீக்கியக் காவலாளிகளின் கல் உருவங்கள் நிற்பதைக் கவனியுங்கள். சீனக் கோவிலுக்குத் தலைப்பாகைக் காவல், பினாங்கில் மட்டும்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

உள்ளே போகும் சந்து ஏன் அவ்வளவு குறுகல் என்றும் கேட்பார்கள். பாதுகாப்புக்காக. 1867 ஆகஸ்டில் ரகசியச் சங்கங்களுக்கிடையே பத்து நாள் தெருச்சண்டை நடந்த ஊர் இது.

செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் சென்னையில் பார்த்தது போலவே இருக்கிறதே?

கண்ணுக்குச் சபாஷ். 1818இல் முடிந்த இந்தத் தேவாலயத்துக்கு முன்மாதிரியே சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பேராலயம்தான், அது 1815இல் கட்டியது. கூரையைக்கூட முதலில் மெட்ராஸ் மொட்டைமாடி பாணியில் தட்டையாகவே போட்டார்கள். சென்னையில் வருஷத்துக்கு இரண்டு மாத மழை. இங்கே நினைத்தால் மழை. ஒழுகோ ஒழுகென்று ஒழுக, 1864இல் சரிவுக் கூரையாக மாற்றிவிட்டார்கள். இதையும் கட்டியவர்கள் கைதிகளே.

தமிழ் அடையாளம் எங்கெல்லாம் பார்க்கலாம்? லிட்டில் இந்தியா போதுமா?

போதாது. லிட்டில் இந்தியாவில் பாட்டும் மல்லிகைப்பூவும் புடவையும் கிடைக்கும், ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அது டி.நகர். தெருப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் போட்டோ எடுப்பார்கள், எடுக்கட்டும். ஆனால் அசல் சங்கதி தெருக்களின் பழைய தமிழ்ப்பெயர்களில் இருக்கிறது. மார்க்கெட் தெரு எங்கள் பாட்டிக்குக் கடைத்தெரு. பினாங்கு தெரு, கிட்டங்கித் தெரு. செட்டியார்கள் சம்மணமிட்டு, சாய்வுமேசையில் கணக்கு எழுதிய கிட்டங்கிகள் அங்கேதான். கிங் தெருவின் ஒரு பகுதி படகுக்காரத் தெரு.

குவீன் தெருவில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோவில், 1833, தீவின் ஆகப் பழைய இந்துக் கோவில். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையில் நாகூர் தர்கா ஷெரீப் இருக்கிறது. நாகூர் ஆண்டவர் அடக்கமாகியிருப்பது நாகூரில்தான். கடல் தாண்டி வந்தவர்கள் அவர் நினைவுக்கு இங்கே ஒன்று எழுப்பிக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கட்டடம், சின்னது, அவசரத்தில் தாண்டிப் போய்விடுவீர்கள். மூலைத்தூண்களைப் பார்த்தாலே ஊர் ஞாபகம் வரும்.

தைப்பூச நேரத்தில் வந்தால் ஒன்றைத் தவறவிடாதீர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வெள்ளித்தேர் 1894இலிருந்து ஓடுகிறது, காரைக்குடியிலிருந்து வந்தது. கிட்டங்கித் தெருக் கோவில் வீட்டில் புறப்பட்டுத் தண்ணீர்மலை போகும். வழியெல்லாம் சிதறுதேங்காய், அதில் பாதியைக் குவிக்கிறவர்கள் சீனர்கள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று சொல்லலாமா? ‘கெலிங்’ திட்டுகிற சொல் ஆயிற்றே?

நல்ல சந்தேகம். கலிங்கம் என்பதிலிருந்து வந்த சொல் அது. பழைய காலத்தில் கடல் கடந்து வந்த தென்னிந்தியர்கள் எல்லாருக்குமே மலாயில் அந்தப் பெயர்தான். இன்றைக்கு ஓர் ஆளைப் பார்த்துச் சொன்னால் அது வசை, சொல்லவே கூடாது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது பதவிப்பெயராக நிற்கிறது. தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர், கப்பித்தான், காதர் முகைதீன் 1801இல் நிறுவியது. இன்று தெரியும் கும்மட்டங்களும் மொகலாயத் தோற்றமும் இருபதாம் நூற்றாண்டில் விரிவாக்கியபோது வந்தவை.

தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் யாரும் போகலாம். தோள், முழங்கால் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே அங்கி தருவார்கள்.

தண்ணீர் மேல் வீடுகள் இருக்கின்றனவாமே?

வெல்டு கீ ஓரத்தில் குலப் படகுத்துறைகள். கடலில் மரக்கால் நட்டு, பலகை போட்டு, அதன் மேல் தெருவும் வீடும் கோவிலும். லிம், சியூ, தான், லீ, இயோ என்று ஒவ்வொரு துறையும் ஒரு குலத்துக்கு. சரக்குக் கப்பலிலிருந்து மூட்டை இறக்கிப் பிழைத்தவர்கள் அவர்கள். கடலைத் தூர்த்துப் புதுக் கரை போட்டதால் பிறந்த குடியிருப்பு இது. நிலத்தில் இல்லாததால் நிலவரி கிடையாது என்று சிரிப்பார்கள். இரண்டு துறைகளை 2006இல் அடுக்குமாடிக்காக அகற்றிவிட்டார்கள்.

சியூ துறை பெரியது, அதனால் கூட்டம், பழரசம், காந்த ஸ்டிக்கர். தான் துறையில் காலை ஏழு மணிக்கு நில்லுங்கள், ஒல்லியான பலகைப்பாலம் கடலுக்குள் நீண்டு போகும், ஆளே இருக்காது. ஒன்றே ஒன்று: இவை வீடுகள். திறந்த கதவு அழைப்பு அல்ல. என்னோடு வந்த ஒருவர் ஒரு பாட்டி சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து ஜன்னலைச் சாத்தினார். எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் முகம் கொடுக்க முடியவில்லை.

சுவர் ஓவியங்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

தனியாக ஒதுக்காதீர்கள். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012இல் வரைந்தவை, ஆர்மீனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் அக்காவும் தம்பியும் எல்லாருக்கும் தெரியும். ஓவியம் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு நிற்கும் வரிசைதான் சகிக்கவில்லை. எனக்கு இன்னும் பிடித்தது தெருமூலைகளில் வளைத்து வைத்திருக்கும் இரும்புக்கம்பிச் சித்திரங்கள். அந்தந்தத் தெருவின் பழைய தொழிலைக் கிண்டலாகச் சொல்லும். நடக்கும் வழியில் தானாகக் கண்ணில் படும்.

அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியுமா?

அஞ்சடி கேட்க அழகு, நடக்கக் கஷ்டம். ஒவ்வொரு கடைக்கும் தரை உயரம் வேறு, அரையடி ஏறி அரையடி இறங்க வேண்டும், நடுவே மோட்டார்சைக்கிள் வேறு நிற்கும். சக்கர நாற்காலி ஓடாது. பெரியவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஜெட்டி என்கிற ஃபெர்ரி படகுத்துறையிலிருந்து கொம்தார் கோபுரம் வரை பழைய நகரைச் சுற்றும் ‘கேட்’ என்கிற இலவச பஸ், குளிர்சாதனத்தோடு. இன்னொன்று பெக்கா, மூன்றுசக்கர மிதிவண்டி. இங்கே பயணி முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். ஏறும் முன்பே எத்தனை வெள்ளி என்று பேசிவிடுங்கள். (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம், பயந்துவிட வேண்டாம்.)

எத்தனை நாள் வேண்டும்?

கட்டடங்களுக்கு மட்டும் இரண்டு முழு நாள். சாப்பாட்டுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்.

பழைய கடைவீட்டிலேயே தங்கலாமா?

தங்கலாம், நிறைய விடுதிகள் இருக்கின்றன. மரப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது, பக்கத்து அறைக்காரர் இருமினால் கேட்கும். முற்றத்தை மூடாமல் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். கை நிறையக் காசு இருந்தால் 1885இல் சார்க்கிஸ் என்கிற ஆர்மீனியச் சகோதரர்கள் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஓட்டல் கடலோரத்தில் இருக்கிறது. நான் அங்கே ஒரு டீ குடித்ததோடு சரி.

கடைசி நாள் மாலை ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால்?

ஃபெர்ரி. 1894இலிருந்து தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் ஓடுகிறது, பழைய இரண்டடுக்குப் படகுகள் போய் இப்போது புதுப் படகுகள். ஜெட்டிக்கு நடந்து போகும்போது மணிக்கூண்டோடு ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியும். அது 1907இல் கட்டிய ரயில் நிலையம். தண்டவாளம் ஒரு அடிகூட இருந்ததில்லை. இங்கே டிக்கெட் வாங்கிப் படகேறி, அக்கரையில் ரயில் பிடிப்பார்கள்.

சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு படகேறுங்கள். கால் மணி நேரத்தில் பட்டர்வொர்த். இறங்கி, மறுபடி அடுத்த படகிலேயே ஏறிவிடுங்கள். திரும்பி வரும்போது முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, அதற்கு முன்னால் மணிக்கூண்டு, வங்கிக் கட்டடங்கள், மரக்கால் வீடுகள் எல்லாம் வரிசையாக வரும். தாத்தா ரஜூலாவின் மேல்தட்டில் நின்று முதலில் பார்த்ததும் ஏறக்குறைய இந்தக் கரையைத்தான், கொம்தார் கோபுரம் மட்டும் அப்போது இல்லை.  தீவுக்கு வரும் பக்கம் மட்டும் கட்டணம் வாங்குவது பழைய படகுகளின் வழக்கமாக இருந்தது.